புதுக் காரும் ஊர் உரிமமும்

வாசகியின் கடிதம், சுருக்கமாக: ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் மென்பொருள் துறையில் பணிபுரியும் 34 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். கடந்த ஜூன் மாதம் இந்தியாவிலிருந்து அங்கே குடிபெயர்ந்தவர். ஜனவரியில் வங்கிக் கடனில் புதிய பெட்ரோல் கார் வாங்கியிருக்கிறார். வார இறுதிகளில் ஓட்டி, இதுவரை 900 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் தனியாகப் புறப்பட்டு, சூரிச், கோட்ஹார்ட் கணவாய், மிலான், ஜெனோவா, நீஸ், லியோன், ஸ்ட்ராஸ்பர்க் வழியாக 18 நாளில் வீடு திரும்புவது திட்டம். “பெண் பிள்ளை தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு நாடு நாடாகப் போவதா என்று அம்மா தொலைபேசியில் அழுகிறார். நான் நினைப்பது தவறா? புதுக் கார் என்பதால் வழியில் நிற்காது என்று நம்புகிறேன். முழுக் காப்பீடு இருக்கிறது. குடியிருப்பு அட்டை இருப்பதால் விசா தேவையில்லை, மருத்துவக் காப்பீடும் ஐரோப்பா முழுவதும் செல்லும். இந்தியாவில் எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி மே கடைசி வரை இருக்கிறது. இவை போக வேறென்ன ஆவணம் வேண்டும்?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, நீங்கள் வரைந்திருக்கும் பாதையின் அழகுக்காக. இரண்டாம் முறை, கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு வரிக்காக. சர்வதேச அனுமதி மே கடைசி வரை இருக்கிறது என்கிறீர்களே, அந்த வரிதான் என்னைக் கவலைகொள்ள வைத்தது. அம்மாவின் கண்ணீரையும் ஆவணங்களையும் பிறகு பேசுவோம். முதலில் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் உரிமம் டிசம்பரிலேயே முடிந்துவிட்டது

ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம் வரைதான் இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டு அங்கே வண்டி ஓட்டலாம். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கப்போவதில்லை என்று காட்டுகிறவர்களுக்கு மட்டும் கெடுவை நீட்டித்துத் தர வழி உண்டு. நிரந்தர வேலையில் இருக்கும் உங்களுக்கு அது பொருந்தாது. ஜூனில் வந்தீர்கள், டிசம்பரில் கெடு முடிந்தது. கார் உங்கள் கைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான்.

சர்வதேச அனுமதி என்பது தனி உரிமம் அல்ல. ஊர் உரிமத்தில் இருப்பதை வேற்று நாட்டுக் காவலர் படித்துப் புரிந்துகொள்வதற்கான மொழிபெயர்ப்புப் புத்தகம் அது. மூல உரிமமே செல்லாத இடத்தில் மொழிபெயர்ப்பு எப்படிச் செல்லும்? அதில் அச்சிட்டிருக்கும் ஓராண்டு, அந்தப் புத்தகத்தின் ஆயுள் மட்டுமே. இதில் ஏமாந்த படித்தவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஆகவே உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

“பதிவு அலுவலகத்தில் யாரும் உரிமத்தைக் கேட்கவில்லையே, காப்பீட்டு நிறுவனமும் தடை சொல்லவில்லையே” என்று தோன்றும். காரைப் பதிவு செய்வது உரிமையாளர் யார் என்பதைக் குறிக்கும் வேலை. ஓட்டவே தெரியாத ஒருவர்கூடத் தன் பெயரில் கார் வாங்கலாம், காப்பீடு எடுக்கலாம். ஓட்டுவதற்கான அனுமதி என்பது முற்றிலும் வேறு கணக்கு.

உரிமமில்லாமல் ஓட்டுவது ஜெர்மனியில் வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்துவது போன்ற சின்ன விதிமீறல் அல்ல. சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி அது குற்றம். ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். அயல்நாட்டுக் குடியுரிமையோடு அங்கே வாழும் ஒருவருக்குக் குற்றப் பதிவு எவ்வளவு பெரிய தலைவலி என்று உங்களுக்கே தெரியும். காப்பீட்டிலும் சிக்கல்தான். விபத்தில் அடிபட்ட மூன்றாம் நபருக்கு நிறுவனம் இழப்பீடு கொடுத்துவிடும். பிறகு 5,000 யூரோ வரை உங்களிடம் திரும்பக் கேட்கலாம். உங்கள் சொந்தக் காரின் சேதத்துக்கு ஒரு காசும் தர மறுக்கலாம். உருக்குலைந்த காருக்கு மாதாமாதம் வங்கித் தவணை மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

எனவே இந்த வார இறுதியில் சாவியை எடுக்காதீர்கள். கடந்த மாதங்களில் ஓட்டியதைப் பற்றி என்றாவது காவல்துறை கேட்டால், வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்க வேண்டாம். பதில் சொல்லாமலிருக்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு வழக்கறிஞரை நேரில் பார்த்த பிறகு பேசுங்கள்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. ஊர் உரிமத்தை ஜெர்மன் உரிமமாக மாற்றிக்கொள்ள உங்கள் நகரின் ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தேர்வில்லாமல் மாற்றித் தரும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லாததால் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் உண்டு. அவற்றோடு கண் பரிசோதனைச் சான்றும் முதலுதவிப் பயிற்சிச் சான்றும் வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்திலேயே எழுதலாம். புதிதாகக் கற்றுக்கொள்பவருக்குப் போல இத்தனை வகுப்புகள் கட்டாயம் என்ற விதி உங்களுக்குக் கிடையாது. இருந்தாலும் ஓட்டுநர் பள்ளியில் சில மணி நேரமாவது ஓட்டிப் பழகுங்கள். வலப்பக்கத்திலிருந்து வரும் வண்டிக்கு வழிவிடுவது, திரும்புவதற்கு முன் தோள் திருப்பிப் பார்ப்பது, பள்ளி அருகே 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமலிருப்பது ஆகிய மூன்றிலும்தான் நம்மவர்கள் தேர்வில் தவறுகிறார்கள். நீங்கள் ஆண்டுக்கணக்காகக் கார் ஓட்டியவர் என்பது தேர்வாளருக்குத் தேவையில்லாத செய்தி.

“எல்லை வரை ஒரு நண்பர் ஓட்டட்டும், அதன் பிறகு நான் ஓட்டிக்கொள்கிறேன்” என்ற யோசனை உங்களுக்கும் வரலாம், பலருக்கு வந்திருக்கிறது. நீங்கள் குடியிருப்பது ஜெர்மனியில், காப்பீட்டு ஒப்பந்தமும் அங்கேதான். அயல்நாட்டில் ஒரு மோதல் நடந்து, உரிமம் செல்லுமா செல்லாதா என்று மூன்று நாட்டுச் சட்டங்களை வைத்து வாதாடும் நிலைக்கு உங்களைத் தள்ளும் எந்த வழியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏப்ரலை விட மே கடைசி நல்லது

பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்வது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் வரைபடத்தையே ஒருமுறை பாருங்கள். கோட்ஹார்ட் கணவாய் 2,106 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரலில் அங்கே பனி ஆளுயரத்துக்குக் கிடக்கும், சாலை மூடியிருக்கும். வழக்கமாக மே மாதப் பிற்பகுதியில்தான் பனியை வெட்டி அகற்றித் திறக்கிறார்கள். கருங்கல் பாவிய பழைய ட்ரெமோலா சாலையில் இறங்க வேண்டும் என்று ஆசையோடு எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரலில் போனால், ஏறக்குறைய 17 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கத்துக்குள் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே மறுபக்கம் போய்ச் சேருவீர்கள், அவ்வளவுதான்.

டயர் விஷயமும் இருக்கிறது. கோடைக்கால டயர்களோடுதான் கார் வந்தது என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். வசந்தம் என்றால் பூக்காலம் என்று நினைத்துக்கொண்டு கிளம்புகிறவர்களை ஆல்ப்ஸ் மலை ஒரே இரவில் திருத்திவிடும். ஜெர்மனியில் குளிர்கால டயருக்குத் தேதி கணக்கில்லை. சாலையில் பனியோ உறைபனியோ இருந்தால் கட்டாயம். டயரின் பக்கவாட்டில் மலையும் பனித்துகளும் சேர்ந்த சின்னம் இருக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல் ‘எம்-எஸ்’ (M+S) என்ற பழைய குறி மட்டும் இருந்தால் போதாது. இத்தாலியின் வடபகுதிச் சாலைகள் பலவற்றில் ஏப்ரல் 15 வரை குளிர்கால டயரோ சங்கிலியோ வேண்டும். சுவிட்சர்லாந்தில் பொதுவான கட்டாயம் இல்லை என்றாலும், கோடை டயரோடு பனியில் சறுக்கி மோதினால் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

மே கடைசியில் போனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. புறப்படும் நாளை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். விண்ணேற்ற நாள், பெந்தெகொஸ்தே விடுமுறைகளில் கோட்ஹார்ட் சுரங்கத்தின் வட வாசலில் வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். செவ்வாயோ புதனோ காலையில் கிளம்புங்கள். கணவாய் திறந்துவிட்டதா என்று முந்தைய நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுக் கார் நிற்காது என்பது நம்பிக்கை மட்டுமே

புதுக் கார் பழுதாகி நிற்பது அரிது. ஆனால் ஆணி புதுக் காரின் டயரிலும் குத்தும். இன்றைய கார்கள் பலவற்றில் மாற்றுச் சக்கரமே கிடையாது, ஒட்டும் திரவக் குப்பி மட்டும்தான் இருக்கும். உங்கள் பின்பெட்டியின் அடித்தட்டைத் தூக்கி என்ன இருக்கிறது என்று இன்றே பாருங்கள். சாலையோர உதவிக் காப்பு உங்களிடம் இருக்கிறதா, அது ஜெர்மனிக்கு வெளியிலும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரான்சின் கட்டண நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் உங்களுக்குச் சாலையோர உதவி தரும் சங்கத்தின் மீட்பு வண்டியை நேராக வரவழைக்க முடியாது. சாலையோரத்து ஆரஞ்சு நிற அவசரத் தொலைபேசியிலோ 112 எண்ணிலோ சொன்னால் அந்தச் சாலைக்கு அனுமதி பெற்ற மீட்பு வண்டிதான் வரும். ரசீதை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு பணத்தைக் கேட்டுப் பெறலாம். வண்டி நின்றால் முதலில் ஒளிரும் மேலாடையை அணிந்துகொண்டு, தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நில்லுங்கள், பிறகு தொலைபேசி. மேலாடை பின்பெட்டியில் கிடக்கக் கூடாது, உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்ட வேண்டும்.

உற்பத்திக் குறையால் பழுது வந்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. விற்றவருக்கு இரண்டாண்டுப் பொறுப்பு உண்டு. முதல் ஓராண்டில் வெளிப்படும் குறை, வாங்கும்போதே இருந்ததாகவே கருதப்படும். ஆனால் பலர் இழப்பது இந்த இடத்தில்தான்: சரிசெய்யும் வாய்ப்பை முதலில் விற்றவருக்குத் தர வேண்டும். ஜெனோவாவில் கிடைத்த பட்டறையில் சரிசெய்துவிட்டு ஊருக்கு வந்து ரசீதை நீட்டினால், பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். எதையும் கழற்ற விடுவதற்கு முன் விற்றவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தயாரிப்பு நிறுவனத்தின் உத்தரவாதம் வேறு. அதன் நிபந்தனைகளைக் கையேட்டில் படித்து, வழியில் உள்ள அங்கீகாரம் பெற்ற பட்டறைகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவாகும் எல்லாப் புதுக் கார்களிலும் வேக வரம்பைப் படித்து எச்சரிக்கும் கருவி கட்டாயம். உங்கள் காரிலும் அது இருக்கும். அதை முழுக்க நம்பிவிடாதீர்கள். பக்கச் சாலையின் பலகையைப் படித்துத் தவறான எண்ணைத் திரையில் காட்டுவது உண்டு. பிரான்சிலும் இத்தாலியிலும் நெடுஞ்சாலை வரம்பு 130 என்றாலும் மழையில் 110 ஆகிவிடும். சுவிட்சர்லாந்தில் எப்போதும் 120. கார் சொன்னதால் அந்த வேகத்தில் போனேன் என்பதை எந்த நீதிபதியும் ஏற்க மாட்டார். வழிகாட்டித் திரையில் வேகக் கேமராக்களைக் காட்டும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் அதற்குத் தடை இருக்கிறது.

விபத்து நடந்தால் யாருடைய சட்டம்?

“முழுக் காப்பீடு” என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தவறால் உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்கு அது உதவும். பிறர் உங்கள் மீது மோதினால்? அவருடைய நிறுவனத்தின் பிரதிநிதி ஜெர்மனியிலேயே இருப்பார். அவரிடம் கோரலாம், மூன்று மாதத்துக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும். உங்கள் ஊர் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்திருக்கிறது. இது பெரிய வரம். ஆனால் ஸ்டுட்கார்ட் நீதிபதி கணக்குப் போடுவது விபத்து நடந்த நாட்டின் சட்டப்படி. இத்தாலியில் மோதல் என்றால் இத்தாலியச் சட்டம். மாற்றுக் கார் வாடகை, நிபுணர் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம் ஆகியவற்றில் ஜெர்மனியில் கிடைப்பதெல்லாம் அங்கே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இந்த இடைவெளியை நிரப்ப, ‘வெளிநாட்டுச் சேதக் காப்பு’ என்ற கூடுதல் பிரிவைப் பல நிறுவனங்கள் தருகின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய விபத்து அறிக்கைப் படிவம் இரண்டு பிரதிகளைக் கையுறைப் பெட்டியில் வையுங்கள். எந்த மொழியில் அச்சிட்டாலும் கட்ட எண்கள் ஒன்றே. எதிராளி பிரெஞ்சுப் படிவத்தை நீட்டினால், உங்கள் படிவத்தைப் பக்கத்தில் வைத்து எண்ணுக்கு எண் பொருத்திப் படிக்கலாம். பன்னிரண்டாம் கட்டத்தில் நடந்ததைக் குறிக்கும் சிறு சதுரங்கள் இருக்கும். எத்தனை சதுரங்களில் குறியிட்டீர்கள் என்ற எண்ணிக்கையை அடியில் எழுத மறக்காதீர்கள். எழுதாவிட்டால் பிறகு யாரும் ஒரு குறியைக் கூட்டிவிடலாம். பிரான்சில் இந்தத் தாளில் இட்ட கையெழுத்துக்குப் பிறகு கதையை மாற்றுவது மிகக் கடினம். புரியாத வரிக்குக் கீழே கையெழுத்திடாதீர்கள்.

பதிவுச் சான்றின் முதல் பகுதி உங்களோடு வர வேண்டும். இரண்டாம் பகுதி பெரும்பாலும் வங்கியில்தான் இருக்கும். உங்கள் கையில் இருந்தாலும் காரில் வைக்காதீர்கள். கடன் ஒப்பந்தத்தில் காரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது பற்றி ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். சுவிஸ் நெடுஞ்சாலைக்கு 40 பிராங்க் ஆண்டுக் கட்டண வில்லை வேண்டும். இப்போது வண்டி எண்ணோடு இணைத்து இணையத்திலேயே வாங்கலாம்.

இத்தாலியிலிருந்து வரும் தபால்

வழக்கறிஞரான என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவர் இரவில் விடுதியைத் தேடி இத்தாலிய நகரம் ஒன்றின் பழைய பகுதியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரே வாசலைக் கால் மணி நேரத்தில் மூன்று முறை கடந்திருக்கிறார். மாதங்கள் கழித்து மூன்று உறைகள் வந்தன, மூன்றுக்கும் தனித்தனி அபராதம். பழைய நகரங்களின் மையத்தில் ‘ட்செட்-டி-எல்’ (ZTL) என்ற கட்டுப்படுத்தப்பட்ட பகுதி இருக்கும். சிவப்பு வளையம் போட்ட வெள்ளை வட்டப் பலகை, அதன் மேலே கேமரா. மின்பலகையில் ‘வார்கோ அத்திவோ’ என்று எழுதியிருந்தால், வாசல் திறந்திருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். கேமரா விழித்திருக்கிறது, நுழையாதே என்று பொருள். ஜெனோவாவில் பழைய நகருக்குள் விடுதி எடுத்தால், உங்கள் வண்டி எண்ணைப் பதிவு செய்து தருவார்களா என்று முன்பே கேளுங்கள். மிலானில் காரை வெளிவட்டத்து மெட்ரோ நிலையத்தில் விட்டுவிடுங்கள். மையப் பகுதிக்குள் நுழைய வார நாட்களில் கட்டணம் உண்டு. கோமோவிலிருந்து மிலானுக்கு வரும்போது வழிகாட்டி உங்களைச் சுங்கச்சாவடியே இல்லாத பெடெமொன்டானா சாலைக்குத் திருப்பக்கூடும். அங்கே கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும். 15 நாளுக்குள் இணையத்தில் நாமே கட்ட வேண்டும்.

வெளிநாட்டு அபராதம்தானே என்று குப்பையில் போடாதீர்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அறிவிப்பு அனுப்ப இத்தாலிக்கு 360 நாள் அவகாசம் இருக்கிறது. 70 யூரோவுக்கு மேற்பட்ட அபராதத்தை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எல்லை தாண்டி வசூலிக்க முடியும். சுவிட்சர்லாந்தோடும் 2024 மே முதல் அப்படியோர் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. கிடைத்த ஐந்து நாளுக்குள் கட்டினால் இத்தாலியில் பெரும்பாலான அபராதங்களுக்கு 30 சதவீதத் தள்ளுபடி உண்டு.

மருத்துவ அட்டை

விசா விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. குடியிருப்பு அட்டையும் கடவுச்சீட்டும் சேர்ந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் இருக்கலாம். அட்டை மட்டும் போதாது, கடவுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும். மருத்துவத்தில்தான் தவறிவிட்டீர்கள். காப்பீட்டு அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் ஐரோப்பியச் சுகாதார அட்டை இத்தாலியிலும் பிரான்சிலும் செல்லும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்கள் அதைச் சுவிட்சர்லாந்தில் பயன்படுத்த முடியாது. ஐரோப்பாவிலேயே மருத்துவச் செலவு மிக அதிகமான நாடுகளில் ஒன்றில், எலும்பு முறிந்த காலோடு அதைத் தெரிந்துகொள்ளும் நிலை உங்களுக்கு வர வேண்டாம். பயண மருத்துவக் காப்பீடு தனியாக எடுங்கள். நோயாளியை வீட்டுக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்கியிருக்க வேண்டும்.

அம்மாவிடம் என்ன சொல்வது?

நீங்கள் நினைப்பதில் எந்தத் தவறும் இல்லை. தனியாகப் போகும் பெண்ணுக்கு இந்தச் சாலைகளில் எனக்குத் தெரிந்த பெரிய ஆபத்து அந்நிய மனிதர்கள் அல்லர், தூக்கம். கூட ஒருவர் இருந்தால் பேச்சுக் கொடுப்பார், வண்டியை வாங்கி ஓட்டுவார். உங்களுக்கு அது இல்லை. சரக்கு வண்டி ஓட்டுநர்களுக்கு ஐரோப்பியச் சட்டம் நான்கரை மணி நேர ஓட்டத்துக்கு 45 நிமிட ஓய்வு என்று வரையறுத்திருக்கிறது. அவர்கள் அதையே தொழிலாகச் செய்பவர்கள். நீங்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்குங்கள். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். நீஸிலிருந்து லியோனுக்கு ஒரே நாளில் என்று போட்டிருக்கிறீர்கள், அதை இரண்டாகப் பிரித்து நடுவில் அவிஞோனில் தங்குங்கள். தூக்க எச்சரிக்கையாகத் திரையில் காபிக் கோப்பை ஒளிர்ந்தால் அடுத்த ஓய்விடத்தில் நிறுத்துங்கள். தூக்கக் கலக்கத்தில் ஓட்டி விபத்தானால் ஜெர்மன் சட்டத்தில் அது குற்றமாகவும் ஆகக்கூடும்.

அந்நியர்களைப் பற்றி ஒன்று சொல்லி வைக்கிறேன். “உங்கள் டயரில் காற்றில்லை” என்று சைகை காட்டி ஓரத்தில் நிறுத்த வைத்து, பையைப் பறிக்கும் கூட்டம் தென் ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் உண்டு. சைகைக்காக நிறுத்தாதீர்கள். உங்கள் காரே டயர் அழுத்தத்தைத் திரையில் சொல்லிவிடும். ஆட்கள் நடமாடும் எரிபொருள் நிலையம் வரை மெதுவாகப் போய்ப் பாருங்கள்.

அம்மாவிடம் வாதாட வேண்டாம். நீங்கள் இருக்கும் இடத்தைத் தொலைபேசியில் நேரலையாகப் பகிருங்கள். இரவு விடுதிக்குள் நுழைந்ததும் பேசுவதாக ஒரு நேரம் வைத்துக்கொண்டு அதைத் தவறவிடாதீர்கள். ஜெர்மன் உரிமம் கைக்கு வந்த அன்று அதைப் படமெடுத்து முதலில் அவருக்கு அனுப்புங்கள்.

தேர்வு தேதி மே மாதத்தைத் தாண்டினால் பயணத்தை ஜூனுக்கு நகர்த்துங்கள், செப்டம்பர்கூட நல்லதுதான். ட்ரெமோலாவில் 24 கொண்டை ஊசி வளைவுகள். ஈரமான கருங்கல் வழுக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்காமல், கீழ் கியரில் போட்டு எஞ்சினைப் பிடிக்க விட்டு, அடிவாரத்து ஊரான அய்ரோலோ வரை நிதானமாக இறங்குங்கள்.